முத்திரை குத்தும் கை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணைத் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் என் உத்தியோகம் முழுக்கக் கழிந்தது. லேத்திலிருந்து இறங்கும் முதல் உருப்படி என் மேஜைக்கு வரும். துளையைப் பார்க்க பிளக் கேஜ் என்று ஒரு கருவி உண்டு. விரல் நீள எஃகுத் துண்டு, இரண்டு பக்கமும் முனை. ‘கோ’ முனை துளைக்குள் தள்ளாமலே இறங்க வேண்டும். சிவப்புக் கோடு போட்ட ‘நோ கோ’ முனை வாயிலேயே நின்றுவிட வேண்டும். அதுவும் இறங்கிவிட்டால் துளை பெரிதாகிவிட்டது, உருப்படி ரிஜெக்ட். மெஷின்காரர் பக்கத்திலேயே நிற்பார். “சார், ஒரு தடவை துடைச்சிட்டுப் போட்டுப் பாருங்க” என்பார். துடைத்துப் போட்டாலும் போகிற முனை போகும், போகாதது போகாது.

ராணுவத்துக்குப் போகும் சரக்காக இருந்தால் நான் பாஸ் செய்தது போதாது. அரசு இன்ஸ்பெக்டர் வருவார். லாட்டிலிருந்து தன் கையாலேயே சில உருப்படிகளை எடுத்து அளப்பார். திருப்தியானால் பையிலிருந்து சின்ன எஃகு முத்திரையை எடுத்து உருப்படியின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அதோடு விவகாரம் முடிந்தது. முத்திரைக்குள் ஓர் எண் இருக்கும். பின்னால் ஏதாவது உடைந்தால் பாஸ் பண்ணியது யார் என்று அந்த எண்ணை வைத்தே தேடிப் பிடித்துவிடலாம்.

ஓய்வு பெற்று ஆவடிக்கு வடக்கே கோவில்பதாகையில் வந்து உட்கார்ந்த பிறகு பழைய புத்தகங்களையும் அறிக்கைகளையும் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. தொழில் புத்தி விடுமா? எதைப் படித்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். ஒரு கண்டுபிடிப்பு ‘பாஸ்’ ஆவது எப்போது? கணிதத்தில், மருத்துவத்தில், தொல்லியலில் அந்தச் சுத்தியல் யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு எங்கள் பகுதியைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம். 1997 இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும் வரை நாங்களெல்லாம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள். உலகத்தின் ஆய்வு நூல்கள் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லும் இரண்டு சமாச்சாரங்கள் இந்தப் பழைய மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்று கல், இன்னொன்று ஊசி. கல்லை முதலில் சொல்கிறேன்.

1863 மே 30. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இளைஞர், பல்லாவரத்தில் ராணுவ மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைக் குழியில் கைக்கோடரி ஒன்றை எடுத்தார். அந்த வருஷம் செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற சக அலுவலரோடு, இன்று பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிற பக்கம் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அலைந்தபோது, அதிரம்பாக்கத்து ஓடையில் இன்னும் நிறையக் கிடைத்தன. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் இருந்தார்கள் என்ற பேச்சே அங்கேதான் தொடங்குகிறது.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது, ஃபூட் கையில் எடுத்த கல்லை அவர் உடனே அடையாளம் கண்டதுதான். கல் மழுங்கிக் கிடக்கிறது, சுற்றிலும் அதே நிறத்தில் ஆயிரம் கூழாங்கல். அதற்கு ஐந்து வருஷம் முன்னால் அவர் அதைப் பார்த்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கக்கூடும். ஏனென்றால் நான்கு வருஷத்துக்கு முன்புதான் ஐரோப்பாவில் இதே மாதிரிக் கல்லுக்கு முத்திரை விழுந்திருந்தது.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சில் அப்வில் என்ற ஊரில் சுங்க அதிகாரியாக இருந்தவர் பூஷே தெ பெர்த். ஆற்றுச் சரளையில் அழிந்துபோன யானை, காண்டாமிருக எலும்புகளோடு செதுக்கிய கற்களும் கிடைக்கின்றன, ஆகவே அந்த மிருகங்கள் வாழ்ந்த காலத்திலேயே மனிதனும் இருந்தான் என்று 1840களிலேயே புத்தகம் போட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுங்கச்சாவடிக்காரருக்கு என்ன தெரியும் என்பது ஒரு காரணம். அவருடைய புத்தகத்தில் கண்டபடி கற்பனையும் கலந்திருந்தது என்பது இன்னொரு காரணம், அது நியாயமானதும்கூட. 1859 ஏப்ரலில் ஜோசஃப் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கடல் தாண்டிப் போனார்கள். பக்கத்து ஊரான அமியானில் சரளைச் சுவரில் ஒரு கைக்கோடரி பதிந்து நிற்பதைத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். அந்த நிலையிலேயே அதைப் புகைப்படம் எடுக்க வைத்தார்கள். அடுத்த மாதமே லண்டன் ராயல் சொசைட்டியில் பிரெஸ்ட்விச் கட்டுரை படித்தார். இருபது வருஷம் அசையாத தேர் சில வாரங்களில் நகர்ந்தது.

ஆக, முத்திரை குத்தியது யார்? புத்தகம் எழுதியவர் இல்லை. நேரில் போய்ப் பார்த்த, மற்றவர்கள் நம்பும் இரண்டு பேர். எங்கள் அரசு இன்ஸ்பெக்டர் லாட்டிலிருந்து தன் கையாலேயே உருப்படி எடுப்பாரே, அதே முறை.

ஆனால் அந்த முறையையும் ஏமாற்றலாம். 1863 மார்ச்சில் அதே அப்வில்லில், மூலன் கினியோன் என்ற குழியில் ஒரு மனிதத் தாடை எலும்பு ‘கிடைத்தது’. மனித எலும்பு கண்டுபிடித்தால் பரிசு என்று பூஷே தெ பெர்த் அறிவித்திருந்தார். பரிசு என்று சொன்னால் குழி தோண்டும் கூலிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மே மாதம் ஆங்கிலேய, பிரெஞ்சு அறிஞர்கள் கூடிப் பேசி அதை உண்மை என்றே முடிவு செய்தார்கள். பிரெஸ்ட்விச் உட்பட. ஜான் எவன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவர்தான் சரி. எலும்பையும் கல்லையும் வேலையாட்களே புதைத்து வைத்திருந்தார்கள். அந்த மே மாதக் கடைசியில்தான் பல்லாவரத்தில் ஃபூட் குனிந்து கல்லை எடுக்கிறார். பின்னால் பொய்யாகிப்போன முத்திரையைக் கூட்டம் போட்டுக் கொடுத்த அதே மாதம்.

ஃபூட் சேகரித்தவற்றைச் சென்னை அருங்காட்சியகம் 1904 இல் வாங்கியது. கல் உண்மை என்பதில் அதற்குள் சந்தேகம் தீர்ந்துவிட்டது. வயது? அது தெரிய இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அதிரம்பாக்கத்துக்கு 1930களில் கிருஷ்ணசாமி வந்தார், பேட்டர்சன் வந்தார், 1960களில் தொல்லியல் துறையின் பானர்ஜி தோண்டினார். படிவு அடுக்குகளை வைத்து எது முந்தியது எது பிந்தியது என்று சொல்ல முடிந்ததே தவிர, எத்தனை வருஷம் என்று சொல்லக் கருவி இல்லை.

1999 இலிருந்து சாந்தி பப்புவும் பிறகு குமார் அகிலேஷும், சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் அங்கே தோண்டினார்கள். ஒன்பது மீட்டர் ஆழம் வரை போன குழிகள். அடியில் களிமண் அடுக்கில் கைக்கோடரிகள். இந்தக் களிமண்ணில் மிருகங்களின் குளம்புத் தடம்கூடப் பதிந்திருந்தது. ஈரக் களிமண்ணில் மாடு நடந்தால் எப்படிப் பதியும் என்று எங்கள் ஏரிக்கரையில் தினமும் பார்க்கிறேன். அங்கே அது லட்சக்கணக்கான வருஷமாக நிற்கிறது.

வயது கண்டுபிடித்த விதம் இன்ஸ்பெக்‌ஷன்காரனான எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கல் தரையின் மேல் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் படுகின்றன. குவார்ட்ஸுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, புதிதாக உண்டாவது நின்றுபோகும். இருப்பது கரையத் தொடங்கும். அலுமினியம் வேகமாகக் கரையும், பெரிலியம் மெதுவாக. இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் எப்போது புதைந்தது என்று தெரியும். இது ஒரு கேஜ். இரண்டாவது கேஜ் காந்தம். பூமியின் காந்த வடக்கு அவ்வப்போது தலைகீழாக மாறியிருக்கிறது. மண் படியும்போது அன்றைய திசையைப் பதிவு செய்துகொள்கிறது. அதிரம்பாக்கத்து அடிக் களிமண்ணில் திசை தலைகீழாக இருந்தது. அப்படியென்றால் அது கடைசித் திருப்பத்துக்கு, அதாவது 7,80,000 வருஷத்துக்கு முற்பட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு முறைகளும் ஒத்துப்போயின. 2011 மார்ச்சில் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. சராசரி வயது 15 லட்சம் வருஷம், எப்படிப் பார்த்தாலும் 10,70,000க்குக் குறையாது. இந்தியாவில் இந்த வகைக் கைக்கோடரிக்கு ஐந்தாறு லட்சம் வருஷம் போதும் என்று அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள்.

2018 இல் அதே குழுவின் இன்னொரு கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. மேல் அடுக்குகளில் இருந்த அடுத்த காலத்துக் கருவிகள் 3,85,000 வருஷம் முதல் 1,72,000 வருஷம் வரை பழமையானவை என்றது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் மணல் துகள்களை ஒளிர வைத்துக் கணக்கிட்ட வயது. இதில் வயதைவிட அதன் பொருளைப் பற்றித்தான் சர்ச்சை. ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதர் எப்போது கிளம்பினார்கள் என்ற பெரிய கதையையே இது திருத்துகிறதா, அல்லது இங்கே இருந்த பழைய மனித இனமே தானாக இந்தக் கருவி செய்யும் உத்திக்கு வந்துசேர்ந்ததா? ஒரே ஓர் இடத்தை வைத்து அவ்வளவு சொல்ல முடியாது என்பவர்கள் உண்டு. அதிரம்பாக்கத்தில் கருவிகளைச் செய்தவனுடைய எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மிருகப் பற்கள் சில கிடைத்ததோடு சரி.

ஆகவே கல் பாஸ். வயதும் ஏறக்குறைய பாஸ். செய்தவன் யார் என்பதற்கு இன்னும் முத்திரை விழவில்லை. ஒரே உருப்படியில் மூன்று அளவுகள், மூன்றும் ஒரே நாளில் பாஸ் ஆவதில்லை. தொல்லியலில் ஏற்பு இப்படித்தான் தவணை தவணையாக வருகிறது. நூற்றைம்பது வருஷம் போதவில்லையே என்று யாரும் வருத்தப்படுவதாகவும் தெரியவில்லை. தப்பாகப் போனால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, கட்டுரையைத் திருத்தி எழுத வேண்டியதுதான்.

கணிதக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. எந்த எண்ணையும் நான்காம் படி எண்கள் பத்தொன்பதுக்குள் கூட்டி எழுதலாம் என்று 1770 இல் வேரிங் என்ற ஆங்கிலேயர் நிரூபிக்காமல் சொல்லி வைத்தார். ஆறாம் படிக்கு 73 போதும் என்பதைக் குற்றாலத்துக்குப் பக்கத்துக்காரரான சு. சி. பிள்ளை 1940 இல் நிரூபித்தார். மிச்சமிருந்த நான்காம் படியைச் சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியன் இரண்டு பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து 1986 இல் முடித்தார். பிள்ளை நிரூபித்ததை அவர் பெயருக்காக யாரும் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. காகிதமும் பொறுமையும் இருக்கிற எவரும் தன் அறையில் உட்கார்ந்து சரிபார்க்கலாம். 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் இரண்டு மாணவர்களும் பகா எண்ணைச் சோதிக்கும் புது வழியை வெளியிட்டபோது சில நாட்களிலேயே உலகம் ஒத்துக்கொண்டது, நிரூபணம் அவ்வளவு சுருக்கம். அங்கே கேஜ் எல்லோர் கையிலும் இருக்கிறது.

இயற்பியலில் அப்படியில்லை என்பதற்கு நம்ம ஊர்க்காரர் சந்திரசேகரே சாட்சி. பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு 1930 இல் கப்பலில் போகும்போதே நட்சத்திரங்களின் முடிவைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் வானியல் பெரியவரான எடிங்டன் எழுந்து அதைக் கேலி செய்தார். கணக்கில் தப்பு காட்டவில்லை, நட்சத்திரம் இப்படி முட்டாள்தனமாக நடந்துகொள்ளாது என்றார். நோபல் வந்தது 1983 இல். முத்திரையை வைத்திருக்கும் பெரியவர் கேஜ் போடாமலே ரிஜெக்ட் என்று சிவப்புப் பெயிண்ட் அடித்தால் இப்படித்தான் ஆகும்.

இனி ஊசிக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. இது காசநோய் ஊசி; அதற்கு முன்னால் அதே நோயைப் பற்றிய வேறோர் ஆய்வைச் சொல்லிவிட வேண்டும்.

தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிறுத்தத்தின் பெயரே சானடோரியம். டாக்டர் சவுரிமுத்து 1928 இல் அங்கே ஆரம்பித்த காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. மருந்து வந்த பிறகும் சானடோரியத்தில் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதே உலகம் முழுக்க வழக்கம். நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம்.

1956 இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் திறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், நான்கும் சேர்ந்து தொடங்கியது. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. அங்கே ஓய்வு, முட்டை, பால், கவனிப்பு. மறு பாதி வீட்டிலேயே, அதே குடிசையில், அதே அரைவயிற்றுச் சாப்பாட்டில், முடிந்தவர்கள் வேலைக்கும் போய்க்கொண்டு. இரண்டு பாதிக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருப்பவர் மாத்திரையைச் சாப்பிடுகிறாரா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இதைப் படித்தபோது என் பழைய மேஜை ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டு வரும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்ன மதிப்பு?

1959 இல் முடிவு வந்தது. வருஷக் கடைசியில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது இரண்டு பக்கமும் அநேகமாகச் சமம். வீட்டிலேயே வைத்திருந்ததால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அதிகமாகத் தொற்றியதா என்றால் அதுவும் இல்லை. சோறும் ஓய்வும் காற்றும் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போனால் படுக்கை கட்டாயமில்லை என்று அர்த்தம்.

இதை நம் அரசு எவ்வளவு சீக்கிரம் ஏற்றது பாருங்கள். 1962 இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கும்போதே வீட்டுச் சிகிச்சைதான் அடிப்படை. மூன்றே வருஷம்! பிறகு பணக்கார நாடுகளும் சானடோரியங்களை மூடின. இவ்வளவு வேகம் எப்படி? ஆய்வு நேர்த்தியானது என்பது பாதிக் காரணம். மறு பாதி, அந்த முடிவுக்காக எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். லட்சக்கணக்கில் படுக்கை கட்டப் பணமில்லாத அரசுக்கு ‘கட்ட வேண்டாம்’ என்று ஓர் ஆய்வு சொன்னால் அது கசக்குமா?

அடுத்த ஆய்வுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பி.சி.ஜி. தடுப்பூசி 1940களின் கடைசியில் இந்தியாவுக்கு வந்தது. கிண்டியில் 1948 இல் தயாரிப்பு ஆய்வகம் அமைந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் போட்டார்கள். 1955 இல் ராஜாஜி இதை எதிர்த்துச் சிறு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நல்ல உடம்பில் ஏற்றுவானேன், பலன் நிச்சயமா என்பது அவர் வாதத்தின் சாரம். மருத்துவர்கள் அவரைப் பிற்போக்கு என்றார்கள். விஷயம் என்னவென்றால் மருத்துவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய பெரிய சோதனை, ஊசி நூற்றுக்கு எண்பது பங்கு காக்கிறது என்றது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடத்தியது, பலன் மிகச் சொற்பம் என்றது. ஒரே உருப்படி, இரண்டு இன்ஸ்பெக்டர்கள், இரண்டு அளவு. இப்படி வந்தால் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு, இதுவரை யாரும் அளக்காத அளவுக்கு அளக்கச் சொல்வார்கள். அந்த மூன்றாவது இடமாக நாங்கள் வாய்த்தோம்.

1968 ஜூலையில் தொடங்கியது. உலக நூல்கள் இதைச் ‘செங்கல்பட்டு சோதனை’ என்கின்றன. நடந்தது திருவள்ளூரை நடுவாக வைத்துச் சுற்றுப்பட்ட ஊர்களில். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்தின. சுமார் 3,60,000 ஜனங்கள். ஒரு மாதக் குழந்தையிலிருந்து கிழவர் வரை. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள், தோலில் சோதனை ஊசி போட்டார்கள், எக்ஸ்ரே வண்டி ஊருக்குள் வந்தது. மூன்று வகை மருந்து: கூடுதல் அளவு பி.சி.ஜி., குறைந்த அளவு பி.சி.ஜி., ஒன்றுமில்லாத வெறும் நீர். எது யாருக்குப் போகிறது என்று போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது.

எங்கள் தெருவில் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். இடது தோளைத் திருப்பிக் காட்டினார். சுண்டுவிரல் நுனி அளவு பள்ளம், வழவழவென்று. “சின்னப் பிள்ளைங்க சார், வண்டி வந்துச்சுன்னு ஓடிப்போய் நின்னோம். கையை நீட்டுன்னாங்க, நீட்டினோம். எங்கம்மா மட்டும் ஆட்டைப் புடிச்சிக்கிட்டு வரமாட்டேன்னு நின்னாங்க. அப்புறம் அவங்களும் வந்தாங்க.” எதற்கு என்று சொன்னார்களா? “டிபி வராதுன்னாங்க.” அதைக் கண்டுபிடிக்கத்தான் ஊசியே என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். “அப்போ வருமா வராதான்னு எங்களை வெச்சிப் பார்த்தாங்களா?” இந்தக் காலத்து ஒப்புதல் படிவத்தை அந்த வருஷத்துக்குக் கொண்டுபோய்க் கேட்பது சரியில்லைதான். ஆனாலும் அக்காவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

1979 இல் முதல் அறிக்கை வந்தது. ஏழரை வருஷத் தொடர் கண்காணிப்புக்குப் பிறகு முடிவு: நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கவில்லை. கூடுதல் அளவு, குறைந்த அளவு, வெறும் நீர், எல்லாம் ஒன்றுதான். உலகத்தில் அதுவரை நடந்த மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனை ‘நோ கோ’ என்றுவிட்டது.

எங்கள் தொழிலில் இதற்குப் பிறகு பேச்சே கிடையாது, லாட் முழுக்க ரிஜெக்ட். மருத்துவத்தில் அதற்கு மேல்தான் பேச்சு ஆரம்பித்தது. ஊசி மருந்து கெட்டுப்போயிருந்ததா? இல்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுகள் இந்தப் பக்கம் ஏராளம், சிறு வயதிலேயே அவை உடம்பைப் பழக்கிவிடுவதால் ஊசியின் வித்தியாசம் தெரியவில்லையோ? இன்றுவரை அதிகம் பேசப்படும் விளக்கம் இதுதான், ஆனால் முடிந்த முடிவு இல்லை. பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை இந்தச் சோதனை அளக்கவே இல்லையே என்றார்கள். அது உண்மை. பிறந்தவுடன் போடுவதன் பலனைக் காண இது ஏற்பட்டதில்லை. வேறு ஆய்வுகள் அந்தப் பலன் உண்டு என்று காட்டின. 1980 இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் கூடி, குழந்தைகளுக்குப் போடுவதைத் தொடரலாம் என்றார்கள். பதினைந்து வருஷக் கண்காணிப்பின் இறுதி அறிக்கை 1999 இல் வந்தது. பெரியவர்களுக்குப் பலன் இல்லை, பிள்ளைகளுக்கும் சொற்பம் என்று அதே பாட்டைத்தான் அதுவும் பாடியது.

வீட்டுச் சிகிச்சை ஆய்வில் 193 பேர். மூன்று வருஷத்தில் நாட்டின் கொள்கை மாறியது. திருவள்ளூரில் மூன்றரை லட்சம் பேர். எண்ணையும் உழைப்பையும் வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் மலை. ஆனால் அதன் முடிவை ஏற்றால் கையில் இருக்கும் ஒரே தடுப்பூசியைக் கீழே வைக்க வேண்டும், மாற்று எதுவும் கிடையாது. ஆய்வின் பலத்தை மட்டும் பார்த்து யாரும் முத்திரை குத்துவதில்லை என்பது என் எண்ணம். அதை ஏற்றால் நாளைக் காலை நாம் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்றும் பார்த்துத்தான் குத்துகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குழந்தைகள் விஷயத்தில் அப்படிப் பார்த்தது நல்லதாகவே முடிந்தது.

பொறியியலில் இது பட்டவர்த்தனம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊரான ஆவடியிலேயே போர் வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வடிவமைத்ததைச் செய்துபார்க்கக் கனரக வாகனத் தொழிற்சாலையும் இருக்கிறது. அர்ஜுன் டாங்கிக்கு அரசு அனுமதி கொடுத்தது 1974 இல். ராணுவம் 124 டாங்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது 2000 இல். முதல் ஐந்து வண்டி வெளியே வந்தது 2004 இல். 2010 மார்ச்சில் ராஜஸ்தான் மணலில் ரஷ்ய டி-90 டாங்கியோடு நேருக்கு நேர் ஓட்டிப் பார்த்தார்கள். 2021 செப்டம்பரில் மேம்படுத்திய 118 டாங்கிகளுக்கு ஆர்டர். தாமதம் யார் தப்பு என்று எங்கள் டீக்கடையில் இரண்டு கட்சி உண்டு, நான் எதிலும் சேருவதில்லை. வடிவமைத்தவர் ஆயிரம் சான்று காட்டினாலும் அதற்குள் உட்காரப் போகிறவர் தலையாட்ட வேண்டும். அங்கே கடைசி முத்திரை அவருடையது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

திருவள்ளூர்ச் சோதனையில் உள்ளே உட்கார்ந்தவர்கள் மூன்றரை லட்சம் பேர். அவர்கள் தலையாட்டுகிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. அறிக்கைகளில் அவர்கள் வயதுப் பிரிவாகவும் சதவீதமாகவும் வருகிறார்கள், எக்ஸ்ரே வண்டியைக் கண்டு ஓடி வந்த பிள்ளையாக வருவதில்லை. 1968க்கும் 1971க்கும் நடுவில் கையை நீட்டியவர்களில் அன்றைய கைக்குழந்தைகளுக்கே இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, மற்றவர்கள் கிழவர் கிழவிகள். திருவள்ளூர்ப் பக்கம் உங்களுக்கு உறவு இருந்தால் போய்க் கேளுங்கள். வண்டி எங்கே நின்றது, யார் கூப்பிட்டார்கள், என்ன சொல்லி ஊசி போட்டார்கள், பிறகு முடிவை யாராவது வந்து சொன்னார்களா என்று கேட்டு, பெயரும் ஊரும் தேதியும் போட்டு எழுதி வையுங்கள். இதைச் செய்ய இன்னும் பத்து வருஷம் காத்திருக்க முடியாது.